செப்பேட்டின் தமிழும் பூண்டியின் ஆங்கிலமும்

திருவாலங்காடு என்றதும் நம் இலக்கிய வட்டத்தில் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, அங்கே தலையால் நடந்து வந்த காரைக்கால் அம்மையார். மற்றொன்று, 1905-இல் கண்டெடுக்கப்பட்ட முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள். அச்செப்பேடுகளைப் பற்றிப் பேசும்போது சோழர் வம்சாவளியையும் வெற்றிகளையும் சொல்லிப் பூரித்து, அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். அவையெல்லாம் வடமொழிப் பகுதியில் உள்ளவை. பழையனூரைக் கோயிலுக்கு அளித்த ஆணையும், ஊர் எல்லையும், நில நீர் உரிமைகளும் தமிழ்ப் பகுதியில் உள்ளன. புகழுக்கு வடமொழி, நீருக்கும் நிலத்துக்கும் தமிழ். பதினோராம் நூற்றாண்டு அரசின் ஏற்பாடு அது.

நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். இன்று புகழ்ச்சி தமிழில் நடக்கிறது. நீர்க்கணக்கு ஆங்கிலத்தில் நடக்கிறது.

திருவாலங்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கே ஒரு நீரியல் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. அணைகளையும் அவற்றின் வழிந்தோடிகளையும் சிறு மாதிரிகளாகக் கட்டி, அவற்றில் நீரை ஓடவிட்டுச் சோதிக்கும் இடம் அது. உயரத்திலிருந்து விழும் வெள்ளம் அணையின் அடிவாரத்தையே தோண்டிவிடக்கூடும். அந்த வேகத்தை எங்கே, எப்படித் தணிப்பது என்பதைக் கட்டுவதற்கு முன்பே மாதிரியில் கண்டறிய வேண்டும். நீர்த்தேக்கங்களில் எவ்வளவு வண்டல் படிந்தது என்று அளப்பதும் இந்நிலையத்தின் பணியே.

25-இல் ஒரு பங்கு அளவில் மாதிரி கட்டினால், அதில் நீரின் வேகம் 5-இல் ஒரு பங்காகும். நீரளவு 3,125-இல் ஒரு பங்காகும். நொடிக்கு ஒரு லட்சம் கன அடி பாயும் பெருவெள்ளத்தை வெறும் 32 கன அடியில் கண்முன் நிறுத்தலாம். ஆற்றில் 5 மணி நேரம் நீளும் வெள்ளம் அங்கே 1 மணி நேரத்தில் கடந்துவிடும். படிமம், உருவகம் என்று ஓயாமல் பேசும் நமக்கு இது ஏன் வியப்பளிக்கவில்லை? கல்லணையைப் பாடச் சலிக்காத நாம் பூண்டியைப் பற்றி ஒரு கட்டுரையேனும் எழுதினோமா?

இது அழகியல் குறை மட்டுமன்று. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது. அதை மனிதரால் விளைந்த பேரழிவு என்று, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது. ஏரிக்கு வரும் நீர் எவ்வளவு, உள்ளே எஞ்சிய இடம் எவ்வளவு, மதகை எப்போது திறப்பது? கரையில் வாழ்வோர் தம் மொழியில் கேட்கவேண்டிய கேள்விகள் இவை மூன்றுதாம். நாமோ அந்த வெள்ளத்துக்கு இரங்கற்கவிதை எழுதினோம். கேள்வி கேட்கும் மொழியை உருவாக்கவில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பார் பொறியாளர். மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, வாய்க்கால், வண்டல் எல்லாம் எந்த மொழிச் சொற்கள்? ஏரிக்கரை உழவர் இவற்றை இன்றும் மறக்கவில்லை. மறந்தவர்கள் அறிக்கை எழுதுவோரும், அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்காத நாமும்தான். அது பொறியாளர் வேலை, இலக்கியத்துக்கு என்ன தொடர்பு என்பார் நம்மவர். மொழியின் ஒரு பகுதி பயனற்று உதிர்வதை வேடிக்கை பார்ப்பது எவ்வகை இலக்கியம்?

நாம் கேட்பது பெரிதன்று. நீர்த்தேக்கங்களின் வண்டல் அளவீடும், வெள்ளத் திறப்பு விதிகளும் தமிழில் வெளியாகட்டும். மொழிபெயர்க்க ஆளில்லை என்றால், சிற்றிதழ்களில் உலக இலக்கியத்தைத் தமிழாக்கும் நாம் முன்வருவோம். நீருக்குத் தமிழில் ஆணையெழுதிய செப்பேட்டைப் போற்றும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.