நீர் நெஞ்சில், உடைப்பு வயிற்றில்

கேள்வி: அண்ணனுக்கு வயது 45. பல வருடமாகக் குடிப்பழக்கம் உண்டு. நெஞ்சில் இடப்பக்கம் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை ஊசி போட்டு எடுத்தும் மறுபடி சேர்கிறது. கணையம் காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். வயிற்றில் உள்ள கணையத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு?

பதில்: தொடர்பு உண்டு. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. நாள்பட்ட குடியால் கணையம் புண்பட்டால், அரிதாகச் சிலருக்கு அந்தக் குழாயில் உடைப்பு ஏற்படும். வாய்க்கால் கரை உடைந்தால் தண்ணீர் பள்ளம் தேடிப் போவதுபோல, கணைய நீர் உதரவிதானத்தின் இடைவெளி வழியே மேலேறி நுரையீரலைச் சுற்றித் தேங்கும். பெரும்பாலும் இடப்பக்கம்தான்.

இவர்களில் பலருக்கு வயிற்றுவலி பெரிதாக இருக்காது. இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி மட்டுமே தெரியும். நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோப்பதற்குக் காசநோய் முக்கியக் காரணம் என்பதால், முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும். எனவே குடிப்பழக்கம், முன்பு வந்த வயிற்றுவலி, பித்தப்பைக் கல் எதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

எடுத்த நீரில் 'அமைலேஸ்' அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கணைய நீராக இருந்தால் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். உடைப்பு எங்கே என்பதை ஸ்கேன் காட்டும். உடைப்பை அடைக்காமல் நீரை மட்டும் இறைத்தால் மறுபடி சேரும். சுரப்பைக் குறைக்கும் மருந்து, எண்டோஸ்கோப்பி மூலம் குழாயில் வைக்கும் ஸ்டென்ட், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. குடல் நோய் சிறப்புப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. காப்பீட்டு அட்டையையும் பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காசநோய் மாத்திரை சாப்பிட்டு வந்தால், டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். குடியை அடியோடு விட வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரலாம். அதையும் டாக்டரிடம் சொல்லியே நிறுத்த வேண்டும்.

மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் வாயுத்தொல்லை என்று கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.