இலை பார்க்க வந்த கூட்டம்... சாலையையே மூடிய கிராமம்! வெர்மான்ட்டில் நடப்பது என்ன?

ஒரு கிராமம். மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. கடைத்தெரு என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால், அக்டோபர் வந்தால் போதும், அந்த ஊரின் மண் சாலையில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். காரணம், இலைகள்!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தின் பாம்ஃப்ரெட் என்ற ஊர்தான் அது. 2023-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இந்த ஊர் எடுத்த ஒரு முடிவு உலகம் முழுக்கச் செய்தியானது. செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 15 வரை, கிளவுட்லேண்ட் சாலை உள்ளிட்ட வழிகளில் வெளியூர் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று ஊர் நிர்வாகம் அறிவித்தது. 2024-லும் கட்டுப்பாடு தொடர்ந்தது.

சுற்றுலாப் பயணிகள் வர மாட்டார்களா என்று பல ஊர்கள் ஏங்கும்போது, இந்த ஊர் ஏன் "வராதீங்க" என்கிறது? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

இலை பார்க்க இவ்வளவு கூட்டமா?

ஆமாம். அமெரிக்காவில் இவர்களுக்கு 'லீஃப் பீப்பர்ஸ்' என்றே ஒரு பெயர் உண்டு. அதாவது, இலை பார்க்கக் கிளம்புகிறவர்கள். வெர்மான்ட்டின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 6.4 லட்சம்தான். ஆனால், ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான பயணிகள் இங்கே வந்து போகிறார்கள். அதில் இலையுதிர்காலம் முக்கியமான சீசன். நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் இருந்து காரிலேயே வந்துவிடலாம். அந்தப் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அக்டோபர் வீக் எண்ட் என்றால் நினைவுக்கு வரும் இடங்களில் வெர்மான்ட் ஒன்று.

இலைகள் நிறம் மாறுவது எப்படி? கோடையில் இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். பகல் நேரம் குறைந்து குளிர் தொடங்கும்போது, மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திக்கொள்ளும். அப்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளியே தெரியும். இவற்றுக்குக் கரோட்டினாய்டு என்று பெயர். சிவப்பு நிறத்தின் கதை வேறு. அதைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமியை, இலையில் தங்கியிருக்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த நேரத்தில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவு குளிர் இருந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

வெர்மான்ட்டில் சுகர் மேப்பிள் மரங்கள் அதிகம். அதனால்தான் மலையே தீப்பிடித்தது போன்ற அந்தக் காட்சி. ஆனால், ஓர் இடத்தில் உச்சகட்ட நிறம் நீடிப்பது ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதுதான் சிக்கலின் முதல் முடிச்சு.

பாம்ஃப்ரெட்டில் என்ன பிரச்னை?

கிளவுட்லேண்ட் சாலையை ஒட்டி ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. சரிவில் இறங்கும் வளைந்த பாதை, அழகான வீடு, சுற்றிலும் மரங்கள். போட்டோ எடுத்தால் அப்படியே காலண்டர் படம்தான். ஆனால் அது பூங்கா கிடையாது, குடும்பம் வசிக்கும் தனியார் இடம்.

புகைப்படக் கலைஞர்கள் பல ஆண்டுகளாகவே இங்கே வந்து போனார்கள். அப்போது ஊருக்குப் பெரிய தொல்லை இல்லை. இன்ஸ்டாகிராம், டிக்டாக் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. சரியான லொகேஷன் செல்போனிலேயே கிடைத்துவிட, கூட்டம் குவியத் தொடங்கியது.

ஊர்மக்கள் சொன்ன புகார்கள் இவை:

* குறுகிய மண் சாலையில் கார்களை நிறுத்துவதால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போக வழி இல்லை.

* 'தனியார் இடம்' என்ற போர்டைத் தாண்டி உள்ளே போகிறார்கள்.

* போட்டோஷூட்டுக்காக உடை மாற்றுவதற்கு அங்கேயே தற்காலிக அறை அமைக்கிறார்கள்.

* கழிப்பறை இல்லாததால் வயல்வெளியை அசுத்தம் செய்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆன்லைனில் நிதி திரட்டினார்கள். ஊர் நிர்வாகக் குழுவிடம் முறையிட்டார்கள். அதன் பிறகுதான் சாலையை மூடும் முடிவு வந்தது.

வருமானம் வருமே... அதை ஏன் விட வேண்டும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாம்ஃப்ரெட்டுக்குக் கூட்டம் வந்தது. ஆனால், அந்தக் கூட்டத்தின் பணம் வரவில்லை.

பக்கத்திலேயே உட்ஸ்டாக் என்ற ஊர் இருக்கிறது. (1969-ல் புகழ்பெற்ற இசைத் திருவிழாவோடு பேசப்படும் உட்ஸ்டாக் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. இது வேறு.) ஒட்டக்குவீச்சி என்ற ஆற்றின் கரையில் இருக்கும் இந்த ஊரில் ஹோட்டல்கள், உணவகங்கள், கடைகள், மியூசியம் எல்லாம் உண்டு. பயணிகள் தங்குவதும் சாப்பிடுவதும் இங்கேதான்.

வெர்மான்ட்டில் ஹோட்டல் அறைக்கும் உணவகச் சாப்பாட்டுக்கும் மாநில அரசு 9 சதவீத வரி வசூலிக்கிறது. அதற்கு மேல், ஓட்டெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற்ற ஊர்களில் கூடுதலாக 1 சதவீதம் உள்ளூர் வரி உண்டு. உட்ஸ்டாக்கில் இந்த வரி இருக்கிறது. அந்தப் பணம் ஊரின் பொருளாதார மேம்பாட்டுப் பணிகளுக்குப் போகிறது. ஆக, பயணி வந்தால் கடைக்காரருக்கும் லாபம், ஊருக்கும் லாபம்.

பாம்ஃப்ரெட் நிலைமை என்ன? பயணி காரை நிறுத்துகிறார், பத்து செல்ஃபி எடுக்கிறார், கிளம்பிவிடுகிறார். ஒரு காபிக்கூட வாங்குவதில்லை, வாங்க அந்தச் சாலையில் கடையும் இல்லை. ஆனால், கார்கள் ஓடித் தேயும் மண் சாலையைச் சரிசெய்வது ஊர்மக்களின் வரிப்பணம். போக்குவரத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வேண்டும், அதற்கும் செலவு.

சுருக்கமாகச் சொன்னால், வரவு ஓர் ஊருக்கு, செலவு இன்னோர் ஊருக்கு. சுற்றுலா என்றாலே உள்ளூர் மக்களுக்கு நன்மை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இயற்கை எல்லோருக்கும் பொதுதானே?

நியாயமான கேள்வி. சாலை பொதுச் சாலை. மரங்களை யாரும் பெட்டிக்குள் பூட்டி வைக்க முடியாது. வசதியானவர்கள் தங்கள் அமைதிக்காகப் பொது வழியை அடைக்கலாமா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், இந்தக் காட்சியின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். இன்று வெர்மான்ட்டில் முக்கால்வாசி நிலம் காடு. 19-ஆம் நூற்றாண்டில் கதையே வேறு. 1811-ல் ஐரோப்பாவில் இருந்து மெரினோ ரக ஆடுகள் வந்து இறங்கின. கம்பளிக்கு நல்ல விலை. மேய்ச்சலுக்காகக் காடுகளை வெட்டித் தள்ளினார்கள். 1840-ல் இந்த மாநிலத்தில் ஆடுகள் சுமார் 17 லட்சம், மனிதர்களோ 3 லட்சத்துக்கும் குறைவு! மலைகள் மொட்டையாகின. மண் அரித்து ஆற்றில் இறங்கியது.

இதைச் சிறுவயதில் நேரில் பார்த்தவர் உட்ஸ்டாக்கில் 1801-ல் பிறந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ். காட்டை அழித்தால் ஆறும் மண்ணும் என்ன ஆகும் என்று 1864-ல் அவர் எழுதிய 'மேன் அண்ட் நேச்சர்' நூல், சுற்றுச்சூழல் சிந்தனையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. மார்ஷ் குடும்பத்தின் நிலத்தை 1869-ல் ஃபிரெடெரிக் பில்லிங்ஸ் என்ற தொழிலதிபர் வாங்கி, மொட்டை மலையில் மரங்களை நட்டார். அந்த இடம்தான் இன்று மார்ஷ்-பில்லிங்ஸ்-ராக்ஃபெல்லர் தேசிய வரலாற்றுப் பூங்கா. மற்ற இடங்களில், விவசாயிகள் கைவிட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு தானாகத் திரும்பி வந்தது.

அதைக் காப்பாற்றச் சட்டங்களும் வந்தன. 1968-ல் சாலையோர விளம்பரப் பலகைகளுக்குத் தடை. 1970-ல் பெரிய கட்டுமானத் திட்டங்களைக் கட்டுப்படுத்தும் 'ஆக்ட் 250' சட்டம். பண்ணையையும் காட்டையும் மனைகளாக்கி விற்காமல் பராமரிக்கும் உரிமையாளர்களுக்குச் சொத்து வரிச் சலுகை.

அதாவது, பயணிகள் ரசிக்கும் இந்தக் காட்சி சும்மா வந்தது அல்ல. வயலும் காடும் மாறி மாறி வரும் அந்த அழகு, அங்கே வாழ்பவர்கள் புல் வெட்டி, மாடு மேய்த்து, மேப்பிள் மரத்தில் இருந்து பாகு எடுத்துக் காப்பாற்றி வைத்திருப்பது. சுமார் 40 லிட்டர் மரச்சாறைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் மேப்பிள் சிரப் கிடைக்கும். அமெரிக்காவின் மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய பாதி வெர்மான்ட்டில் இருந்துதான் வருகிறது. அந்த உழைப்பு நின்றால், காலண்டர் படமும் காலி.

அப்போ, இதற்குத் தீர்வே இல்லையா?

இருக்கிறது. அதே மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. பீச்சம், பார்னெட், கேபட், க்ரோட்டன் போன்ற சிறிய ஊர்கள் சேர்ந்து 'ஃபால் ஃபோலியேஜ் ஃபெஸ்டிவல்' என்ற விழாவை நடத்தி வந்தன. ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு அந்த ஊரில் காலை உணவு, கைவினைப் பொருள் விற்பனை, ஊர் சுற்றிக் காட்டுதல், இரவு விருந்து என எல்லாம் ஊர்மக்கள் பொறுப்பு. க்ரோட்டன் ஊரின் சிக்கன் பை விருந்து ரொம்பவே பிரபலம்.

பாம்ஃப்ரெட்டில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இலை ஒன்றுதான், கூட்டமும் வருகிறது. ஆனால், எந்த நாளில் வர வேண்டும், எங்கே வண்டி நிறுத்த வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்கிறது. வரும் பணமும் ஊரிலேயே தங்குகிறது. சமூகச் சுற்றுலா என்று சொல்வது இதைத்தான்.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சமைக்க, பரிமாற, வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். வெர்மான்ட், அமெரிக்காவிலேயே முதியவர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் ஒன்று. இளைஞர்கள் குறைந்த ஊரில் தன்னார்வலர்களுக்கு எங்கே போவது? இந்த மாதிரியின் பலவீனம் அதுதான்.

அடுத்து என்ன?

சுற்றுலா வேண்டாம் என்று வெர்மான்ட் சொல்ல முடியாது. பல சிறு கடைகளுக்கு ஆண்டு வருமானத்தில் பெரிய பங்கு இந்தச் சில வாரங்களில்தான் வருகிறது. அந்த வருமானமும் இப்போது உறுதியாக இல்லை.

* 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் மழையில் ஒட்டக்குவீச்சி ஆறு பெருக்கெடுத்து, க்வீச்சி ஊரின் புகழ்பெற்ற கூரைப் பாலத்தைச் சிதைத்தது. சீசனுக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது.

* 2023 மே மாதம் திடீர் உறைபனி, இளம் இலைகளைக் கருக்கியது. அதே ஜூலையில் மாநிலம் முழுக்கப் பெருவெள்ளம்.

* 2025-ல் கடும் வறட்சி. பல இடங்களில் இலைகள் நிறம் மங்கி, சீக்கிரமே உதிர்ந்தன.

* அதே 2025-ல் அமெரிக்கா - கனடா உறவில் ஏற்பட்ட கசப்பால், எல்லை தாண்டி வரும் கனடா நாட்டவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ஒரு பக்கம் கூட்டம் தாங்க முடியாமல் சாலையை மூடும் ஊர். மறுபக்கம் ஆள் வரவில்லையே என்று கவலைப்படும் கடைகள். இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே சீசனில்! ஏனென்றால், செல்போன் எல்லோரையும் ஒரே இடத்துக்கு அனுப்புகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே மேப்பிள், அதே சிவப்பு. அங்கே வண்டி நிறுத்த இடமும் உண்டு, சாப்பாடு போட ஆளும் உண்டு. ஆனால், அந்த இடம் வைரல் ஆகவில்லை, அவ்வளவுதான்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

வெர்மான்ட் என்றில்லை, எந்தக் கிராமத்துக்குச் சுற்றுலா போனாலும் இது பொருந்தும். லொகேஷன் ஷேர் செய்யும் முன், அது யாருடைய வீட்டு வாசல் என்று யோசியுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள். சாப்பாட்டையும் தங்கும் இடத்தையும் அந்த ஊரிலேயே தேடுங்கள். சாலையில் 'அனுமதி இல்லை' என்று போர்டு இருந்தால், திரும்பிவிடுங்கள்.

இலை உதிர்ந்ததும் பயணிகள் கிளம்பிவிடுவார்கள். பனியிலும் சேற்றிலும் அந்தச் சாலையில் நடமாடப்போவது ஊர்மக்கள்தான். அதனால், அதில் யார், எப்போது வரலாம் என்று பேசும் இடத்தில் அவர்களுக்கு முதல் நாற்காலி கிடைப்பதே நியாயம்.