எஞ்சினோடு விளையாட்டா?

பழைய 346 சி.சி. புல்லட் எஞ்சினைப் பிரித்து, காட்டுக்கும் ரோட்டுக்கும் ஒத்து வருகிற மாதிரி கட்ட வேண்டும் என்று புதுப்பேட்டைக்குக் கிளம்புகிறார்கள் வாலிபர்கள். ஆசை தப்பில்லை. வாங்குகிற சாமான்?

இதற்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றுதான் சூட்டைத் தணிக்க வேண்டும். சேற்றில் ஊர்ந்து போகும்போது காற்று ஏது? அதில் கம்ப்ரஷனை ஏற்றுகிற பிஸ்டனைத் திணித்தால் கொதிக்கத்தான் செய்யும். இழுவை வேண்டுமானால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பார்க்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிகிற 'மேதைகள்' சிலிண்டருக்குள் மண்ணைக் கொட்டுகிறார்கள்.

மலிவு என்று மாட்டிய டூப்ளிகேட் பிஸ்டன் ஓட்டத்தில் இறுகினால், பின்சக்கரம் சட்டென்று நிற்கும். பின்னால் லாரி வந்தால் என்ன கதி? இந்தப் போலிச் சரக்கைப் போலீசார் அள்ள வேண்டாமா?

நம்பர் சுரண்டிய எஞ்சினை எவன் நீட்டினாலும் தொடாதீர்கள். ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கினவர்தான்!