முதற்கப்பல் ரஜூலாவாக இருக்கட்டும்



விடுமுறையில் மரக்கப்பல் செய்ய விரும்பும் பிள்ளைக்கு நாம் வாங்கித் தருவது பெரும்பாலும் பெட்டியில் வரும் ஆயத்தத் தொகுப்பே. அதனுள் நெல்சனின் 'விக்டரி' இருக்கும். இல்லையேல் கடற்கொள்ளையர் கப்பல் இருக்கும். வெட்டி வைத்த துண்டுகளை எண் பார்த்து ஒட்டினால் வேலை முடிந்தது. அதனை நான் பழிக்கவில்லை. ஆயினும், பேராக் மாநிலத் தமிழ்ப்பிள்ளையின் முதற்கப்பல் வெறும் பலகையிலிருந்து, அதுவும் 'ரஜூலா'வாக உருவாக வேண்டும் என்பதே என் கருத்து.

1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடி, 1974இல் உடைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய பாட்டன்மார் பலர் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிள்ளைகள் தாமான்களில் வளரும் இந்நாளில், அக்கப்பலின் பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் அருகி வருகின்றனர்.

நீராவிக் கப்பல் தொடக்கநிலையாளருக்குக் கடினமன்றோ எனச் சிலர் கேட்கலாம். உண்மையில் விலாச் சட்டங்கள் நிறுத்திப் பலகை வளைக்கும் பாய்மரக் கப்பலைவிட இது எளிது. நீர்மட்டத்திற்கு மேற்பட்ட பகுதியை மட்டும் செய்தால் போதும். மூன்று அல்லது நான்கு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மரப்பசையால் ஒட்டி, மேலிருந்து பார்க்கும் வடிவத்தை வரைந்து வாளால் அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் முனைகளை உருட்ட வேண்டும். அவசரப்பட்டுப் பசை காயுமுன் அறுத்தால் அடுக்குகள் நழுவிவிடும். ஓர் இரவு பொறுத்திருப்பது நலம்.

மரத்திற்கு ஜெலுத்தோங் மிகச் சிறந்தது. நம் நாட்டிலேயே விளைவது. மென்மையும் நேரான இழையும் கொண்டது. ரப்பர் மரத்தில் செய்தால் பொருத்தமாக இருக்குமே என்ற ஆசை எனக்கும் உண்டு! ஆனால் அதன் கடினம் சிறுகைகளுக்கு ஒவ்வாது. உளியைப் பெரியவர்களே பிடிக்கட்டும்.

1:300 அளவில் கப்பல் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வரும். 165 செண்டிமீட்டர் உயரமுள்ள பாட்டனார் அதில் ஐந்தரை மில்லிமீட்டர்! விகிதக் கணக்கைப் பயிற்சிநூலில் வெறுக்கும் மாணவன், இக்கணக்கைத் தானே போடுவான். அத்தனை பேர் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்றும் கேட்பான். அக்கேள்விகளுடன் அவனை வீட்டுப் பெரியவரிடம் அனுப்புங்கள். கையில் தாளும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் இதற்கு நேரமில்லை என்று சொல்வது ஏற்புடையதன்று.

பாய்மரம் இல்லாவிடினும் கொடிக்கம்பங்கள் உண்டு. அவற்றுக்குச் சத்தே குச்சி போதும். புகைபோக்கி ஒன்றே. கறுப்பு வண்ணம் பூசி, நன்கு காய்ந்தபின் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இடவேண்டும்.