படியேறியவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் கோரிக்கைச் சாசனம்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி வட்டாரத்தில் பிறந்து மருத்துவராக, அதிகாரியாக, ஏலக்காய் வணிகராக, திரைக்கலைஞராக உயர்ந்தவர்களுக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் இப்பகுதி அரசுப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் முன்வைப்பது:

இந்த மண்ணிலிருந்து யாரும் தனியாக மேலே போய்விடவில்லை. பண்ணைப்புரத்து இளையராஜாவைச் சிறுவயதிலேயே தம் இசைக்குழுவில் சேர்த்து ஊர் ஊராக அழைத்துப் போனவர் அண்ணன் பாவலர் வரதராசன். 1976-இல் 'அன்னக்கிளி' வாய்ப்பைத் தந்தவர் பஞ்சு அருணாசலம். அல்லிநகரத்துப் பாரதிராஜா, '16 வயதினிலே' படத்தில் தம்மிடம் உதவியாளராக இருந்த பாக்யராஜை 1979-இல் 'புதிய வார்ப்புகள்' படத்தின் நாயகனாக்கினார். பாக்யராஜிடம் தொழில் பழகிய பாண்டியராஜனும் பார்த்திபனும் பின்னர் இயக்குநர்களானார்கள்.

உத்தமபாளையத்தில் நடந்தது இன்னும் பெரிது. 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் அங்கே கல்லூரி தொடங்கினார். மதுரையில் தங்கிப் படிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பட்டப்படிப்பு பக்கத்தில் வந்தது. அண்ணன் கைகொடுத்தால் தம்பிக்கு வழி. கல்லூரி திறந்தால் முகம் தெரியாதவருக்கும் வழி. இந்த இரண்டாவது வழியையே கேட்கிறோம்.

விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு மதிப்பெண் இருக்கிறது. எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இலேயே வந்துவிட்டது. அந்த இடம் வரை பிள்ளையைக் கொண்டுசேர்க்க ஊரில் ஆள் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. முன்னாள் மாணவர்கள் ஆண்டுக்கு இரண்டு நாளாவது தாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். வாழ்த்துரை மட்டும் போதாது. விண்ணப்பம், கலந்தாய்வு, உதவித்தொகை ஆகியவற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடித்துத் தர வேண்டும்.

2. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் படிப்பிலும் பயணம், புத்தகம், உடை என்று முதல் மாதச் செலவு இருக்கிறது. அதற்கு ஊர்தோறும் பொது நிதி வேண்டும்.

3. ஏலக்காய் வணிகர்களும் திராட்சைத் தோட்ட உரிமையாளர்களும் தங்களிடம் உழைப்போரின் பிள்ளைகளுக்குத் தரம் பிரித்தல், ஏலம், கணக்கு, ஏற்றுமதி ஆகியவற்றில் சம்பளத்துடன் பயிற்சி தர வேண்டும்.

4. திரைத்துறையினர் ஆண்டுக்கொரு முறை இங்கேயே வந்து உதவி இயக்குநர்களையும் இசைக்கலைஞர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் செல்லுபடியாகக் கூடாது. உதவியாளருக்கும் முறையான ஊதியம் வேண்டும்.

5. எந்த உதவிக்கும் சாதி, உறவு, கட்சி அளவுகோலாகக் கூடாது. தேர்வு விதிகளை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தேர்வுக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

6. உதவி பெறும் பிள்ளையை மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதும் ஃப்ளெக்ஸில் போடுவதும் கூடாது.

7. 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்த தொகை, செலவான விதம் இரண்டையும் கல்வித் துறை அந்தந்தப் பள்ளி வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு ஓர் உறுதி: இந்த வழியில் மேலே வரும் ஒவ்வொருவரும் அடுத்து இருவருக்கு வழிகாட்டுவோம். எழுதி வாங்க வேண்டாம், ஊரறியச் சொல்கிறோம்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறீர்கள். பிளஸ் டூ முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வருவது அதையொட்டிய நாட்களில்தான். இந்த முறை அம்மனைக் கும்பிட்ட கையோடு நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரையும் பார்த்துவிட்டுப் போங்கள்.