கரியரைக் கழட்டாதேங்கோ

பழைய சைக்கிளுக்கு இப்ப திடீரெண்டு மவுசு. கலியாண ஃபோட்டோ ஷூட்டில் நிற்கிறது, கோப்பிக் கடைச் சுவரில் தொங்குகிறது. மினுங்குகிற கறுப்புப் பெயின்ற், தங்கக் கோடு, புது ஸ்டிக்கர். 'ஒறிஜினல் மாதிரியே இருக்கு' எண்டு கீழே கொமென்ற் வரும். இந்த 'ஒறிஜினல்' என்ற சொல்லோடுதான் எங்களுக்குப் பிரச்சினை.

இந்த விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சைக்கிளைத் திருத்தினோம். வலிகாமத்தில், எங்கள் நண்பி ஒருத்தியின் அம்மம்மா வீட்டு மாட்டுக்கொட்டிலில், உடைந்த கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. கொட்டிலில் மாடு இல்லாமல் போய்க் கனகாலம். சைக்கிளின் முன் தகடும் இல்லை. அது இருந்த இடத்தில் ரெண்டு சின்ன ஓட்டைதான். வீட்டில் எல்லாரும் அதை றலி எண்டுதான் சொன்னார்கள். எங்கட பக்கத்தில் பழைய இங்கிலாந்துச் சைக்கிள் எல்லாமே றலிதானே.

தகடு இல்லாவிட்டாலும் சைக்கிளை வாசிக்கலாம். முதலில் செயின்வீலைப் பாருங்கள். நாரைத் தலை வெட்டியிருந்தால் றலி, கை இருந்தால் றட்ஜ், எழுத்தே வெட்டியிருந்தால் பி.எஸ்.ஏ. (பி.எஸ்.ஏ.யின் சின்னம் மூன்று துவக்கு. பேர்மிங்காமில் துவக்குச் செய்யத் தொடங்கிய கொம்பனி அது. அந்தச் சின்னத்தோடதான் எங்கட வாத்திமார் சமாதானமாகப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கினம்.) இந்த வண்டியின் செயின்வீல் பிறகு மாத்தினது, ஒரு அடையாளமும் இல்லை. காட்டிக்கொடுத்தது முன் ஃபோக். வழக்கமாகச் சில்லின் ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய்தான் வரும். இதில் பக்கத்துக்கு ரெண்டு மெல்லிய குழாய். அது ஹம்பர். ஹம்பர் சைக்கிள் 1932இலேயே றலியின் கைக்குப் போய்விட்டது, அதனால் வீட்டுக்காரர் சொன்னதும் முழுப் பிழையில்லை. பின் ஹப்பில் கறளைத் துடைத்தபோது ஸ்ரேமி ஆச்சர் என்ற பெயரும் 57 என்ற எண்ணும் தெரிந்தன. ஹப் செய்த வருசத்தை அதிலேயே அடித்துவிடுவார்கள். அப்ப ஹப் 1957. சில்லு மாறக்கூடிய சாமான், ஆகவே வண்டியும் 1957 எண்டு சத்தியம் பண்ண ஏலாது.

இவ்வளவும் இங்கிலாந்துக் கதை. மிச்சமெல்லாம் எங்கட கதை. முன் ரிம் இந்தியாவில் செய்தது. மட்காட்டில் பாதி, தகரத்தை வெட்டி ஒட்டினது. டைனமோ பூட்டுகிற பிடியில் ஒரு நீள வயர் தொங்குகிறது, லைற் வரைக்கும் போக அவ்வளவு நீளம் தேவையே இல்லை. மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதை உங்கட வீட்டிலும் சொல்லியிருப்பினம். பிறகு அந்தக் கரியர். கட்டடக் கம்பியை வளைத்து வெல்டிங் பண்ணினது. சைக்கிளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலம், பாரமெண்டால் சொல்லி வேலையில்லை.

எங்களில் ஒருவனுக்கு அதை வெட்டி எறிந்துவிட்டு ஹம்பரை ஹம்பராக்க வேண்டும் எண்டு ஆசை. பழைய சாமான் வாங்க வந்த ஒருவரும் பெயின்ற் அடித்தால் கூட விலை தருவன் எண்டார். அம்மம்மாதான் திண்ணையிலிருந்து சொன்னா: "கரியரை மட்டும் கழட்டாதேங்கோ பிள்ளையள். அதில தலாணி கட்டி, என்ர அம்மாவ இருத்தித்தான் இவர் சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு வந்தவர்." 1995 ஒக்ரோபர் 30. நாவற்குழிப் பாலத்தால் வலிகாமமே நடந்த இரவு.

அப்ப எந்த வருசத்துக்குத் திருப்புவது? தொழிற்சாலையை விட்டு வந்த நாள்தான் உண்மை, பிறகு நடந்தது எல்லாம் பழுது எண்டு ஆர் சொன்னது? நொட்டிங்ஹாமில் ஹம்பர் ஆயிரக்கணக்கில் செய்திருப்பார்கள். இந்தக் கரியர் ஒன்றுதான். அதை வெட்டிப்போட்டால் இங்கிலாந்தில் எங்கேயும் கிடைக்கிற ஒரு சைக்கிள்தான் எங்களிடம் மிஞ்சும். இங்கிலாந்தில் பழைய வண்டி சேர்க்கிறவர்களிடமே 'எண்ணெய்த் துணி' எண்டு ஒரு வழி இருக்கு: துடை, எண்ணெய் விடு, ஓடு, அதுக்கு மேல கை வைக்காதே. வெறும் இரும்பு தெரிந்து கறள் தின்னுகிற இடத்துக்குப் பெயின்ற் தேவைதான், அதை மறுக்கேல்லை. ஆனால் அந்த இடத்துக்கு மட்டும்.

நாங்கள் செய்ததும் அவ்வளவுதான். இறுகின நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டோம். நிக்கல் பூச்சில் இருந்த கறளுக்கு அலுமினியத் தாளைத் தண்ணியில் நனைத்துத் தேய்த்தோம், உப்புத்தாள் போட்டால் பூச்சும் சேர்ந்து போய்விடும். பெயாரிங் குண்டும் கொட்டர் பின்னும் புதுசு. ரயர், ரியூப், பிறேக் கட்டையும் புதுசு, ஏனெண்டால் இது ஓடவேண்டும். ஹம்பர் தகடு இணையத்தில் விலைக்குக் கிடக்கிறது. வாங்கேல்லை, ரெண்டு ஓட்டையும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு வேலை மட்டும் மிச்சம். பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணம் தேய்ந்துவிட்டது. கடையில் விற்கிறது அங்குலத்துக்கு 24 புரி. றலி தன் வண்டிகளுக்கு 26 புரி வைத்தது, புதுசை முறுக்கி ஏற்றினால் ஃபிறேமே போய்விடும். உங்கட வீட்டுக் கொட்டிலிலோ பத்தியிலோ உடைந்த றலியோ ஹம்பரோ கிடந்தால், இரும்புக்குப் போட முதல் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.