அசெம்பிளியைத் திறந்து பாருங்கள்

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘இந்த லூப்தான் வேகம்’, ‘அப்படி எழுதினால் இழுக்கும்’ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், எங்கேயோ படித்ததாகப் பதில் வரும். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. விடை அவரவர் கணினியிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

குரோமிலும் நோட் ஜேஎஸ்ஸிலும் ஓடுவது வி8 என்ஜின். 2008-ல் வெளிவந்தபோது அதில் இன்டர்பிரட்டரே கிடையாது; எல்லாவற்றையும் நேரடியாக மெஷின் கோடாக்கிவிடும். மெமரி குறைந்த போன்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2017-ல் இக்னிஷன் என்ற இன்டர்பிரட்டரும் டர்போஃபேன் என்ற கம்பைலரும் அந்த இடத்துக்கு வந்தன. பிறகு நடுவே ஸ்பார்க்பிளக், மேக்லெவ் என்று இன்னும் இரண்டு கம்பைலர்கள் சேர்ந்தன. அதிகம் ஓடுகிற ஃபங்ஷன்தான் டர்போஃபேன் கைக்குப் போகும்.

டர்போஃபேன் தரும் கோடைப் பார்க்க, இரண்டு எண்களைக் கூட்டித் தரும் ஒற்றை வரி ஃபங்ஷன் எழுதுங்கள். முழு எண்களைக் கொடுத்துச் சில தடவை கூப்பிட்டுவிட்டு, ‘அலவ் நேட்டிவ்ஸ் சின்டாக்ஸ்’ ஃபிளாகின் உதவியோடு, இதை இப்போதே ஆப்டிமைஸ் செய் என்று என்ஜினிடம் சொல்லலாம். ‘பிரிண்ட் ஆப்ட் கோட்’ என்ற ஃபிளாகையும் சேர்த்தால் அந்த மெஷின் கோடு அசெம்பிளி வடிவில் திரையில் வந்து கொட்டும். முதல் பார்வைக்கு மிரட்டும். கூட்டலை மட்டும் தேடுங்கள். இன்டெல் பிராசஸரில் அது ‘ஆட்’ என்ற ஒரே கட்டளை. அதற்கு மேலே ‘டெஸ்ட்’ இருக்கும்; வந்த மதிப்பின் கடைசி பிட்டைப் பார்க்கிறது. பூஜ்யம் என்றால் சிறிய முழு எண், ஒன்று என்றால் ஏதோ ஒரு பொருளின் முகவரி. கூட்டலுக்குக் கீழே ‘ஜேஓ’. விடை இடத்துக்குள் அடங்காவிட்டால் தாவு என்று பொருள்.

இதுவரை முழு எண்தான் வந்தது, இனியும் அதுவே வரும் என்று என்ஜின் கட்டிய பந்தயம் இது. அதே ஃபங்ஷனுக்கு ஒரு ஸ்டிரிங்கைக் கொடுங்கள். பந்தயம் தோற்றுவிடும், என்ஜின் அந்தக் கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்டர்பிரட்டருக்கே திரும்பும். ‘டிரேஸ் டீஆப்ட்’ போட்டிருந்தால் காரணத்தையும் அச்சிடும். எண்ணும் ஸ்டிரிங்கும் கலந்தே வருகிறதென்று தெரிந்தபின் மறுபடி கம்பைல் செய்தால், அந்த ‘ஆட்’ இருந்த இடத்தில் பொதுவான கூட்டல் ரொட்டீனுக்கு ஒரு ‘கால்’ நிற்கும். வேகம் எங்கே போனது என்று பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வேகத்தை அளக்கிறேன் என்று பலர் எழுதும் லூப்களின் நிலைமை இதைவிட மோசம். உள்ளே செய்யும் கணக்கின் விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால், கம்பைலர் அந்தக் கணக்கையே நீக்கிவிடலாம். அசெம்பிளியில் பார்த்தால் கவுன்ட்டர் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அளந்தது வெறும் லூப்பை. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு இது வேகம், அது மந்தம் என்று தீர்ப்பு எழுதுவது தவறு.

ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, ஒரே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். நோட் இலவசம், இரண்டு எண்களைக் கூட்டும் ஃபங்ஷன் ஒன்று போதும்.